நாடோடிக்கு ரத்தினக் கம்பளம்

நாடோடி என்னும் சொல் நம்மிடையே மதிப்புக்குரிய சொல்லாக இருந்ததில்லை. வீடும் நிலமும் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று பிழைப்பவனைக் கண்டால் கிராமத்தார் கதவைச் சாத்துவார்கள். போலீஸார் பெயரும் ஊரும் கேட்பார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் 1871-இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் அந்தச் சந்தேகத்துக்கே சட்ட உருவம் கொடுத்தது. உப்பையும் தானியத்தையும் பொதிமாடுகளில் ஏற்றிச் சென்று விற்றுவந்த குறவர்களின் தொழிலை ரயில் வண்டி பறித்தது. சட்டமோ அவர்களைப் போலீஸ் ஜாபிதாவில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்தான்.

இப்பொழுது வேறு வகை நாடோடி ஒருவர் உலகில் தோன்றியிருக்கிறார். இவர் தோளில் ஒரு பை. பையில் ஒரு மடிக்கணினி. சம்பளம் கொடுக்கும் முதலாளி நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்க, இவர் லிஸ்பன் நகரிலோ பாலித் தீவிலோ தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலோ அமர்ந்து, இணையத்தின் வழியே வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார். மூன்று மாதம் ஓரூர், ஆறு மாதம் மற்றோரூர். இவரை ‘டிஜிட்டல் நாடோடி’ என்கிறார்கள். எந்தப் போலீஸ்காரரும் இவரைத் துரத்துவதில்லை. சர்க்கார்களே இவருக்கென்று தனி விசா ஏற்படுத்தி, ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்கின்றன. பழைய நாடோடிக்கும் புதிய நாடோடிக்கும் உள்ள வேற்றுமை பாங்குக் கணக்கு ஒன்றுதானா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது, தேச விஷயங்களில் கவலையுள்ள நேயர்களுக்கு வீண் வேலையாகாது என்று நினைக்கிறோம்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1964-இல் ஆர்தர் ஸி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் பி.பி.சி. டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் ஒருவர் லண்டனில் இருந்து நடத்தும் காரியத்தை டாஹிட்டித் தீவிலிருந்தோ பாலியிலிருந்தோ நடத்த முடியும் என்று சொன்னார். அப்படிச் சொன்னவர் 1956 முதல் இலங்கையில் குடியிருந்துகொண்டு, மேல்நாட்டுப் பிரசுரகர்த்தர்களுக்கு எழுதி ஜீவித்து வந்தவர். ஆகவே அவர் சொன்னதில் ஆரூடம் பாதி, அநுபவம் பாதி. 1983-இல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் தம் வீட்டை விட்டுவிட்டு, சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிளொன்றில் சிறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு புறப்பட்டார். சாலையோரத்து டெலிபோன் கம்பி வழியே கட்டுரைகளை அனுப்பிச் சம்பாதித்தபடியே சுமார் 10,000 மைல் சுற்றினார். 1997-இல் ஜப்பானிய எஞ்சினீயர் ட்சுகியோ மகிமோட்டோவும் ஆங்கிலப் பத்திரிகையாளர் டேவிட் மேனர்ஸும் சேர்ந்து வெளியிட்ட நூலுக்கு ‘டிஜிட்டல் நாடோடி’ என்பதே தலைப்பு. பின்னர் 2020-இல் கொரோனா நோய் வந்தது. காரியாலயங்கள் பூட்டப்பட்டன, வீட்டிலிருந்தபடியே வேலை நடந்தது. வீட்டிலிருந்து செய்யலாமெனில் வேறு தேசத்திலிருந்து ஏன் செய்யலாகாது என்று பலர் கேட்கத் தொடங்கினர்.

இக்கேள்விக்கு முதலில் பதில் சொன்னவை சிறு தேசங்கள். உல்லாசப் பிரயாணிகளை நம்பி வாழும் பார்படோஸ் தீவு, கப்பலும் விமானமும் நின்றுபோனவுடன் 2020 ஜூலையில் ஒரு புதிய அனுமதிச் சீட்டை விற்பனைக்கு வைத்தது. ஆண்டு வருமானம் 50,000 டாலர் வருமென்று சொல்பவர், 2,000 டாலர் கட்டணம் செலுத்திவிட்டுப் பன்னிரண்டு மாதம் அங்கிருந்து வேலை செய்யலாம். அடுத்த மாதமே எஸ்தோனியா தன் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. குரோவேஷியா, மலேயா, ஸ்பெயின் என்று வரிசை நீண்டது. 2024-இல் தாய்லாந்து, கையில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்டுபவருக்கு ஐந்தாண்டு விசா தர முன்வந்தது. இச்சர்க்கார்களின் கணக்கு எளிது. வருகிறவர் உள்ளூரார் உத்தியோகத்தைப் பறிக்கமாட்டார். வெளியில் சம்பாதித்து உள்ளூரில் செலவிடுவார். பள்ளிக்கூடமும் பென்ஷனும் கேட்கமாட்டார். கணக்கு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இரவில் படுத்துறங்க ஓர் அறை வேண்டுமல்லவா? அந்த அறை யாருடையது என்ற கேள்வி அக்கணக்கில் இடம்பெறவில்லை.

போர்ச்சுகல் தேசத்தில் நடந்ததைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். கோவாவை 1961 டிசம்பர் வரையில் விடமாட்டேனென்று பிடித்துக்கொண்டிருந்த அதே போர்ச்சுகல்தான். அதன் தலைநகரான லிஸ்பனுக்கு இந்தப் புதிய நாடோடிகள் திரள்வதற்கு வெயிலும் கடலும் மட்டும் காரணமல்ல. கடிகாரமே முக்கியம். லிஸ்பன் நேரமும் லண்டன் நேரமும் ஒன்று. நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்குக் காரியாலயம் திறக்கும்போது லிஸ்பனில் பிற்பகல் இரண்டு மணி. காலையில் கடலில் குளித்துவிட்டு, மத்தியான போஜனம் முடித்து, பிறகு அமெரிக்க எஜமானனுக்கு வேலை செய்யலாம். சியாங் மாயில் இருப்பவரோ அதே எஜமானனுக்காக இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் விழித்திருக்க வேண்டும்.

ஆயினும் கடிகாரம் எந்நாளும் உள்ளதுதானே. ஜனங்கள் திரண்டது ஏன் இப்பொழுது? அதற்குச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். 2009-இல் போர்ச்சுகல் சர்க்கார், புதிதாய் வந்து குடியேறும் வெளிநாட்டாருக்குப் பத்தாண்டு வரிச்சலுகை அளித்தது. குறிப்பிட்ட சில உயர்தரத் தொழில் செய்வோர் 20 சதவிகித வரி கட்டினால் போதும். அந்நாட்டுப் பிரஜையோ, அதே தொழிலில் அதே வருமானம் சம்பாதித்தால், உயர்ந்த படியில் 40 சதவிகிதத்துக்கு மேல் கட்ட வேண்டும். 2011-இல் தேசம் கடனில் மூழ்கி, ஐரோப்பிய யூனியனிடமும் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடமும் 7,800 கோடி யூரோ உதவி பெற்றது. கடன் கொடுத்தவர் விதித்த நிபந்தனைகளுள் வாடகைச் சட்டத்தைத் தளர்த்துவதும் ஒன்று. 2012-இல் அது தளர்த்தப்பட்டது. பல தலைமுறையாய்க் குறைந்த வாடகையில் குடியிருந்தோரை வெளியேற்றுவது எளிதாயிற்று. அதே ஆண்டில், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்குகிற அந்நியருக்கு வாச உரிமை தரும் ‘தங்க விசா’ வந்தது. 2014-இல் வீட்டைப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடச் சட்டம் வழி திறந்தது. 2016-இல் டப்ளின் நகரிலிருந்து பெரிய டெக்னாலஜி மகாநாடு ஒன்று லிஸ்பனுக்கு இடம் மாறியது. இவ்வளவுக்கும் பிறகுதான், 2022 அக்டோபரில், டிஜிட்டல் நாடோடிகளுக்கென்றே தனி விசா பிறந்தது.

இந்த விசாவின் நிபந்தனை ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனுதாரர், போர்ச்சுகல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு வருமானம் உடையவராய் இருக்க வேண்டும். 2022-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 705 யூரோ. ஆகவே நாடோடியிடம் கேட்கப்பட்ட வருமானம் 2,820 யூரோ. சட்டம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு இதை எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. வந்தவர் பிச்சையெடுக்கக் கூடாதே என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் இதன் பலன் என்ன? லிஸ்பனில் ஒரே வீட்டு வாசலில் இருவர் வாடகை பேச நிற்கிறார்கள். ஒருவர் கடைச் சிப்பந்தி. மற்றவர் அவரைப் போல் நான்கு பங்கு வருமானம் உள்ளவர் என்று சர்க்காரே சோதித்து முத்திரையிட்டு அனுப்பியவர். வீட்டுக்காரர் யாருக்குச் சாவியைக் கொடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

அல்பாமா, மொராரியா என்பவை லிஸ்பனின் பழம்பெரும் பேட்டைகள். குறுகிய சந்துகளும் படிக்கட்டுகளும் நிறைந்தவை. மீனவரும் கூலிக்காரரும் விதவைகளும் வாழ்ந்த அந்தச் சந்துகளில், இன்று சக்கரப் பெட்டிகள் உருளும் ஓசை கேட்கிறது. 1981-இல் லிஸ்பன் நகரின் ஜனத்தொகை 8 லட்சத்துக்கு மேல். 2021-இல் அது 5.5 லட்சத்துக்கும் குறைவு. இந்தக் குறைவு முழுவதையும் நாடோடியின் தலையில் கட்டுவது நியாயமன்று. அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே நகரம் வற்றத் தொடங்கிவிட்டது. உல்லாசப் பிரயாணிகள், வீடு வாங்கிப் பூட்டிவைத்த பணக்காரர்கள், புது வீடு கட்டாத சர்க்கார், கடன் கொடுத்தவர்களின் கட்டளை இவையெல்லாம் முன்வரிசைக் குற்றவாளிகள். நாடோடி கடைசியில் வந்து சேர்ந்தவர். ஆனால் ஜனங்களின் கண்ணுக்குத் தெரிபவர் அவர்தான். காப்பிக் கடையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவரும் அவர்தானே!

2023 ஏப்ரல் 1-ந் தேதி, வாழ வீடு வேண்டும் என்ற கோஷத்துடன் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வேறு பல ஊர்களிலும் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். வாடகைக்கு இருப்போரின் கிளர்ச்சி என்று பெரிய மனிதர்கள் அதை அலட்சியம் செய்ய முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், வீடு வாங்கித் தங்க விசா பெறும் வழி அடைக்கப்பட்டது. பத்தாண்டு வரிச்சலுகையை நீடிப்பது வரி விஷயத்தில் அநீதியாகும், வீட்டு விலையையும் அது உயர்த்துகிறது என்று பிரதம மந்திரி அன்டோனியோ கோஸ்டாவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடைரா தீவில் போன்ட்டா டோ சோல் என்று ஒரு சிற்றூர் உண்டு. 2021 பிப்ரவரியில் அங்கே, பிராந்திய சர்க்காரின் ஆதரவில், டிஜிட்டல் நாடோடிகளுக்கென ஒரு ‘கிராமம்’ ஏற்படுத்தினார்கள். மேஜை, நாற்காலி, இணைய வசதி எல்லாம் இனாம். இந்த இனாம் மேஜைகள் போடப்பட்ட கட்டிடத்தின் பெயர் ஜான் டாஸ் பாஸோஸ் கலாசார நிலையம். டாஸ் பாஸோஸ் என்பவர் புகழ்பெற்ற அமெரிக்க நாவலாசிரியர். அவருடைய பாட்டனார் இதே ஊரில் பிறந்து, ஜீவனம் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். அவருக்கு அங்கே மேஜையும் நாற்காலியும் யாரும் இனாமாகப் போட்டுவைக்கவில்லை.

இது மடைராவின் கதை மட்டுமன்று. 1960-களில் சர்வாதிகாரத்துக்கும் வறுமைக்கும் ஆப்பிரிக்க யுத்தத்துக்கும் தப்பி, லட்சக்கணக்கான போர்ச்சுகீசியர் பிரான்ஸுக்கு ஓடினார்கள். பலர் அனுமதிச் சீட்டின்றி, மலை தாண்டி, கால்நடையாய்ப் போனவர்கள். பாரிஸுக்கு அருகே ஷாம்பினி என்னும் இடத்தில் சேற்றின் நடுவே தகரக் குடிசைகளில் வாழ்ந்து, பாரிஸின் வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். 2011-க்குப் பின் வேலையின்றி மறுபடியும் பல வாலிபர்கள் வெளியேறினர். இம்முறை படித்த வாலிபர்கள். சொந்தப் பிள்ளைகள் வாடகை கொடுக்க மாட்டாமல் வெளியே போக, வாடகை கொடுக்க வல்லவர்களை உள்ளே அழைத்து வருவதை ஒரு தேசத்தின் பொருளாதாரக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

மெக்ஸிகோ நகரிலும் இதே நாடகம், சற்று உரத்த குரலில் நடந்தது. அங்கே அமெரிக்கர் விசா இல்லாமலே ஆறு மாதம் வரை தங்கலாம். கடிகாரமும் அமெரிக்கக் கடிகாரத்தை ஒட்டியே ஓடும். 2022 அக்டோபரில் அந்நகரின் தலைவியாயிருந்த கிளாடியா ஷெயின்பாம், தொலைவிலிருந்து வேலை செய்வோரை நகருக்கு வரவழைப்பதற்காக ‘ஏர்பிஎன்பி’ கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 2025 ஜூலை 4-ந் தேதி, அதாவது அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, கொண்டேசா, ரோமா என்னும் பேட்டைகளில் வாடகை உயர்வை எதிர்த்துப் பெரும் ஊர்வலம் நடந்தது. கடைக் கண்ணாடிகள் சில உடைந்தன. அந்நியரை வெளியேறச் சொல்லும் வாசகங்களும் எழுதப்பட்டன. அதற்குள் ஜனாதிபதி ஆகிவிட்ட ஷெயின்பாம், அந்நிய துவேஷம் கூடாது என்று கண்டித்தார். துவேஷம் கூடாது என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. கண்ணாடியை உடைப்பதால் வாடகை குறையாது. ஆனால் மெக்ஸிகோக்காரன் வடக்கே எல்லை தாண்டினால் விலங்கு பூட்டப்படுகிறான். வடக்கிலிருந்து வருபவருக்கோ நகர சபையே இடம் தேடிக் கொடுக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டும் ஒருவனுக்கு ரத்தம் கொதிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. டிஜிட்டல் நாடோடியின் சுதந்திரம் கம்ப்யூட்டரிலிருந்தோ இணையத்திலிருந்தோ மட்டும் பிறந்ததன்று. கம்ப்யூட்டர் சென்னையிலும் இருக்கிறது. இணையம் மதுரையிலும் இருக்கிறது. அது இரண்டு தேசங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்திலிருந்து பிறந்தது. பணம் உயர்ந்து நிற்கும் தேசத்தில் சம்பளம் வாங்கி, பணம் தாழ்ந்து நிற்கும் தேசத்தில் செலவிட முடிந்தால்தான் அந்தச் சுதந்திரம் ருசிக்கும். வித்தியாசம் மறைந்தால் நாடோடி வேறு ஊர் தேடுவார். லிஸ்பனில் வாடகை ஏறியபின் பலர் அப்படியே செய்தார்கள். ஏறிய வாடகை மட்டும் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை.

இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நம் தேசத்தாருக்கு இன்னும் நன்றாய் விளங்கும். சென்னையில் இருக்கும் எஞ்சினீயர் ஒருவர் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிறார். அவரும் தொலைவிலிருந்துதான் வேலை செய்கிறார். நியூயார்க்கின் காலை ஒன்பது மணி அவருக்கு மாலை ஆறரையோ ஏழரையோ; நள்ளிரவு வரை விழித்திருக்கிறார். அதே கம்பி, அதே கம்ப்யூட்டர், அதே எஜமானன். லிஸ்பனில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கருக்கு அமெரிக்கச் சம்பளம். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னைச் சம்பளம். வேலையை எங்கிருந்தும் செய்யலாம், இடம் ஒரு பொருட்டல்ல என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். சம்பளம் நிர்ணயிக்கும் வேளையில் மட்டும் இடம் பொருட்டாகிவிடுகிறது! கம்பெனிகள் இதை மறைப்பதுமில்லை. 2020 மே மாதத்தில் ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பர்க், ஊழியர்கள் வெளியூரிலிருந்து வேலை செய்யலாம், ஆனால் குறைந்த செலவுள்ள ஊருக்குப் போனால் சம்பளமும் அதற்கேற்ப மாறும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

அந்தச் சென்னை எஞ்சினீயர் தாமும் நாடோடியாகலாமே என்று கேட்கலாம். சட்டம் அவரைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. போர்ச்சுகல் விசாவுக்கு இந்தியரும் மனுச் செய்யலாம். 2026-இல் அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 920 யூரோ ஆகிவிட்டபடியால், காட்ட வேண்டிய மாத வருமானம் 3,680 யூரோ. நம் பணத்தில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். எத்தனை பேரால் முடியும்? அமெரிக்கரோ விசா இல்லாமலே ஐரோப்பாவில் தொண்ணூறு நாள் தங்கி, ஊரைப் பார்த்து, பிடித்தால் மனுச் செய்கிறார். நம்மவர் ஒரு வாரம் போய் வருவதற்கே பாங்குக் கணக்கும், ஹோட்டல் ரசீதும், திரும்பி வரும் டிக்கெட்டும் காட்டி வரிசையில் நிற்கிறார். நாடோடியின் பையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு புத்தகமாகிய பாஸ்போர்ட்தான் பையிலுள்ள எல்லாவற்றையும்விடக் கனமானது.

மலேயாவின் விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் அந்நாட்டார் ஏற்படுத்திய திட்டத்தின் பெயரில் ‘ரந்தாவ்’ என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. பிழைப்புத் தேடிச் சொந்த ஊரை விட்டுச் சென்று தங்கும் தூர தேசம் என்பது அதன் பொருள். அச்சொல்லின் பொருளைத் தமிழ்நாட்டாருக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர், கங்காணியின் கீழ் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். அவர்கள் உடலை எடுத்துச் சென்றார்கள். சம்பளத்தை எடுத்துச் செல்லவில்லை. தோட்ட முதலாளிகள் நிர்ணயித்ததே அவர்கள் கூலி.

நாடோடியை வில்லனாக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. அவர்களிலும் பெரும்பாலோர் உழைத்துப் பிழைப்பவர்களே. பலருக்கு நிரந்தர உத்தியோகம் கிடையாது; கண்ட்ராக்ட் முறையில் வேலை. நோய் வந்தால் லீவு இல்லை; பென்ஷன் இல்லை; சங்கம் இல்லை. எஜமானன் தன் பொறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் பைக்குள் போட்டு, இதற்குப் பெயர் சுதந்திரம் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். மேலும், தன் தேசத்தில் வாடகை கொடுக்க மாட்டாமல் வெளியேறியவர்களும் அவர்களில் உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோவில் விரட்டப்பட்டவர் மெக்ஸிகோ நகரில் ஒருவரை விரட்டுகிறார். அவர் நகரின் ஓரத்துக்குப் போய் அங்கே வேறொருவரை நெருக்குகிறார். இந்தச் சங்கிலியில் நடுக் கண்ணியை மட்டும் பிடித்து ஏசுவதால் பயனில்லை.

ஆகவே, நாடோடிகளை அழைக்க எண்ணும் எந்தத் தேசமும் விசாவை அச்சடிக்குமுன் வேறு சில காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, வரி. ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்குபவரை அந்நாட்டு வரிதாரராகக் கருதுவது பெரும்பாலான தேசங்களில் உள்ள வழக்கம். அந்த வழக்கத்துக்கு விலக்கு அளித்து அழைப்பதுதான் தவறு. ஒரே தெருவில், ஒரே சாக்கடையையும் ஒரே விளக்கையும் உபயோகிக்கும் இருவரில், ஓட்டுரிமை உள்ளவர் அதிக வரியும் ஓட்டில்லாதவர் குறைந்த வரியும் கட்டுவது எந்த ஜனநாயகத்தில் சேர்த்தி? இரண்டாவது, வீடு. எத்தனை வீடு இருக்கிறது, எத்தனை பூட்டிக் கிடக்கிறது, எத்தனை நாள் வாடகைக்குப் போய்விட்டது என்று முதலில் எண்ண வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றத் தடையும், வாடகை ஏறுவதற்கு உச்ச வரம்பும் இருக்கும் ஊரில் நாடோடி எத்தனை பேர் வந்தாலும் இவ்வளவு தீங்கு நேராது. மெக்ஸிகோ நகர சபை, ஊர்வலம் நடந்த அதே மாதத்தில்தான், வாடகை உயர்வு விலைவாசி உயர்வைத் தாண்டாதபடி விதி செய்வதாக அறிவித்தது. விருந்தாளியை அழைத்து ஏறக்குறைய மூன்று ஆண்டு கழிந்த பிறகு!

தாமதத்தின் விலையை அறியவும் போர்ச்சுகல் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தையே பார்க்கலாம். பத்தாண்டு வரிச்சலுகை 2024 தொடக்கத்தில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் ஆராய்ச்சியாளர் போன்ற சிலருக்கு மட்டும் ஒரு குறுகிய சலுகை வந்தது. ஆனால் முன்பே பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்த வாக்கைச் சர்க்கார் மீற முடியாது. கெடு முடியுமுன் கடைசியாக வந்து சேர்ந்தவர்களின் சலுகை 2033 வரையில் ஓடும்.